பபா பால் குடிக்காத கிழமை

மீன் வெடுக்குத் தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டு சோற்றுப் பீங்கானைத் தள்ளிவிடுகிற எனக்கு, அப்பாவுக்குத் தெரியாமல் வெறும் சோற்றில் சம்பலைப் போட்டுக் கொண்டுவந்து தந்த என் ஆசை அக்கா ஜெசிந்தாவுக்கு,

எனக்கு இப்போது எல்லாமே அருவருப்பாக இருக்கிறது, அக்கா. இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்போல இருந்தது. சுகமாக இருக்கிறாயா என்று செத்துப்போனவளிடம் எப்படிக் கேட்பது? அதனால் என் பாடுகளைச் சொல்கிறேன். கையில் சளி, தோளில் சளி, சட்டையில் புளித்த பால், வாசலில் கருவாடு, கருவாட்டில் மொய்க்கும் இலையான், அதே இலையான் பறந்து வந்து பபாவின் மூக்கில். இந்தக் கிழமை முழுக்க இதுதான்.

பபா என்றால் என் மகள். உனக்குத் தெரியாது. சண்டை முடிந்து அடைத்துவைத்த முகாமிலிருந்து வெளியே விட்ட பிறகு நான் கலியாணம் கட்டிக்கொண்டேன். மாப்பிள்ளை அன்ரன். நம் ஊர் அன்ரன்தான். கோயில் பாட்டுக்குழுவில் சுருதி தப்பிப் பாடுவான் என்று நீ நக்கலடிப்பாயே, அவரேதான். சிரிக்காதே. இப்போதும் சுருதி தப்பித்தான் பாடுகிறார், ஆனால் நல்ல மனுசன்.

ஊருக்கும் திரும்பிவிட்டோம். மாதா கோயிலுக்கு இன்னும் கூரை போடவில்லை. மேலே வானத்தைப் பார்த்துக்கொண்டுதான் பூசை. நிவாரணமாகத் தந்த தகரத்தில் ஒரு கொட்டில் போட்டிருக்கிறோம். மத்தியானத்தில் உள்ளே இருந்தால் அவிந்துபோவோம். பனங்காணிப் பக்கம் மிதிவெடி, போகாதே என்று மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை நட்டிருக்கிறார்கள். கடலுக்குப் போகப் பாஸ் வேண்டும். நேவிக்காரன் பார்த்துச் சரி என்றால்தான் வள்ளம் இறங்கும். மற்றபடி கடல் அங்கேயேதான் கிடக்கிறது, அப்பால் மன்னார்த் தீவின் விளக்குகள் தெரிகின்றன.

உன் மகள் டிலானி என்னோடுதான் இருக்கிறாள். அத்தான் உனக்கு முன்னமே போய்விட்டார், அவருடைய ஆட்களிலும் யாரும் மிஞ்சவில்லை, வேறு எங்கே இருப்பாள்? இரண்டரை வயது. உன்னைப் போலவே நெற்றி. என்னை அம்மா என்று கூப்பிடுகிறாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை, அவளாகத்தான் கூப்பிட்டாள். முதல்முறை கூப்பிட்டபோது திரும்பிப் பார்க்கவா விடவா என்று தெரியாமல் நின்றேன்.

நீ எப்படிப் போனாய் என்பதை இங்கே யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நான் சொல்லிவிடுகிறேன். ஊர் ஊராக ஓடி, கடைசியில் கிழக்குக் கரை மணலில் குழி தோண்டிக் கிடந்த நாட்களில், தின்ன ஒன்றுமில்லாமல் உனக்குப் பால் வற்றிப்போனது. டிலானி சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டு அழுவாள். கைப்பிள்ளைகளுக்குப் பால்மா கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நீ வரிசையில் நிற்கப் போனாய். ஷெல் அந்த வரிசைக்குள் விழுந்தது.

உனக்கு முன்னால் நின்று மா வாங்கிய ஒரு மனுசி, தன் பங்கில் பாதியைச் சொப்பின் பையில் முடிந்து என் கையில் வைத்துவிட்டுப் போனாள். அவளுடைய பெயர்கூடத் தெரியாது. உன்னை மண்ணில் வைத்துவிட்டு வந்து, அந்த மாவைத்தான் கரைத்து உன் பிள்ளைக்குக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து பால்மா மணம் பட்டாலே எனக்கு ஓங்காளம். டிலானிக்கு இன்றைக்கும் அதைத்தான் கரைக்கிறேன், மூச்சைப் பிடித்துக்கொண்டு. அந்த மாதான் அவளை உயிரோடு வைத்தது. அது எனக்குத் தெரியாதா? தெரிந்தாலும் வயிறு கேட்கிறதா?

அதனால் பபா பிறந்தபோது எனக்கு ஒரே ஒரு பிடிவாதம்தான் இருந்தது. இவளுக்கு டின் மா வேண்டாம். வேறு எதையும் நான் கடவுளிடம் கேட்கவில்லை. பாலும் நன்றாகச் சுரந்தது. பபாவும் கன்னம் வைத்து, கை மடிப்பு வைத்து, பார்க்கிறவர்கள் கண்ணூறு படும் என்று சொல்கிற அளவுக்கு இருந்தாள்.

பிறகு தடிமன் வந்தது. கொண்டுவந்தது உன் மகள். கச்சான் காற்றுக்கு ஊரிலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. டிலானிக்கு இரண்டு பக்கமும் மெழுகுதிரி வடிந்ததுபோலத் தொங்கும். துடைக்கப் போனால் ஓடிவிடுவாள். ஓடிப்போய் அந்த மூக்கோடு பபாவுக்கு முத்தம் கொடுப்பாள். "ஐயோ ஊத்தை!" என்று நான் கத்த, அவள் இன்னொன்று கொடுப்பாள். இதில் உன்னை அப்படியே உரித்து வைத்திருக்கிறாள்.

முதல்நாள் பபாவுக்குத் தும்மல். அடுத்தநாள் மூக்கு அடைத்துக் கரகரவென்று சத்தம். அதற்கடுத்த நாள் பால் குடிக்க மாட்டேன் என்றுவிட்டாள். முலையில் வாயை வைப்பாள், இரண்டு இழுவை இழுப்பாள், உடனே விட்டுவிட்டு முகத்தைத் திருப்பி அலறுவாள். மறுபடி வைத்தால் முதுகை வளைத்துத் தள்ளுவாள். நான் ஏதோ நஞ்சு கொடுப்பதுபோல. அக்கா, பெற்ற பிள்ளை உன் நெஞ்சைக் கண்டு அலறினால் எப்படி இருக்கும் தெரியுமா? உனக்குத் தெரியும். உனக்கு இல்லை என்று அழுதது, எனக்கு இருந்தும் அழுதது.

அப்புறம் ஊர் வந்தது. பக்கத்துக் கொட்டில் றீற்றம்மா வந்து, கேளாமலே என் சட்டைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "நான் அண்டைக்கே சொன்னனான். கருவாட்டு வெயிலுக்க நிண்டிட்டு வந்து அப்பிடியே குடுத்தால் சூட்டுப் பால்தானே? பிள்ளை எப்பிடிக் குடிக்கும்?" என்றாள். ஒரு சிரட்டையில் தண்ணீர் எடுத்து, அதில் ஒரு துளி பீச்சச் சொன்னாள். நாலைந்து பெண்கள் தலையோடு தலை முட்டக் குனிந்து பார்த்தார்கள். "கலங்குது, கெட்ட பால்" என்றாள் ஒருத்தி. "விசரி, கலங்கினால் நல்ல பாலெல்லோ" என்றாள் இன்னொருத்தி. என் பாலைச் சிரட்டையில் வைத்துக்கொண்டு சண்டை பிடித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

மாமி மட்டும் சிரட்டையைப் பார்க்கவே இல்லை. அன்ரனின் அம்மாவுக்கு எதற்கும் ஒரே வைத்தியம்தான். "பால் காணாது, குறைஞ்சு போச்சு. அதான் பிள்ளை விட்டிட்டு அழுது. பால்சுறா தின்னோணும்" என்று சொல்லிவிட்டு மகனை மீன் வாடிக்கு அனுப்பினா.

நம் கரையில் இது புதிதில்லை என்று உனக்குத் தெரியும். பிள்ளை அழுதாலும் பால்சுறா, தூங்காவிட்டாலும் பால்சுறா, தாய்க்குத் தலையிடித்தாலும் பால்சுறா. காலையில் சுறாப் புட்டு. மத்தியானம் சரக்குத்தூள் போட்ட சுறாக் கறி. பின்னேரம் சுறா வறை, உள்ளி நிறையப் போட்டு. அதை அவிக்கும்போது வரும் மணம் ஒழுங்கைக்குப் பின்னால் ஆண்கள் ஒதுங்கும் இடத்து மணம். நான் யார் என்று உனக்குத் தெரியும்தானே? ஊரிலேயே மீன் தொட மாட்டேன் என்ற ஒரே மீனவன் மகள். மூக்கைப் பொத்திக்கொண்டு விழுங்கினேன். தடிமன் பிள்ளைக்கு, மருந்து எனக்கு.

"வயித்தைப் பிரட்டுது மாமி."

"பிரட்டினாலும் திண்டால்தான் பால். உனக்கோ பிள்ளைக்கோ எண்டு யோசி."

அன்ரன் எனக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, "அம்மா சொல்லுறாதானே, ஒருக்காத் திண்டு பாரன்" என்றார். அந்த நேரம் அந்தக் கோப்பையை அவருடைய தலையில் கவிழ்த்தால் என்ன என்று யோசித்தேன். கவிழ்க்கவில்லை. தின்றேன்.

சுறா தன் வேலையைச் செய்தது, அதை மறுக்க மாட்டேன். பால் பெருகியது. குடிக்கத்தான் ஆள் இல்லை. இரண்டு பக்கமும் வீங்கி, தொட்டால் சுட்டு, கையைத் தூக்க முடியாமல் போனது. சட்டை நனைந்து, காய்ந்து, பிறகும் நனைந்து புளித்து நாறியது. என்னை நானே மணந்து பார்த்து முகம் சுளித்தேன். பீச்சி எடுத்தால் கொஞ்சம் வரும். அதையும் கண்ட இடத்தில் ஊற்றக்கூடாது, எறும்பு மொய்த்தால் பால் வற்றும் என்று மாமி முருங்கையடியில் ஊற்றச் சொன்னா. பிள்ளை பசியில் கிடக்க, மரத்துக்குப் பால் ஊற்றிக்கொண்டு நின்றேன்.

இதற்கிடையில் டவுனிலிருந்து ஒரு நோனா, பெரிய உத்தியோகக்காரி, வந்தா. மீளக் குடியேறிய தாய்மாருக்கு வகுப்பாம். வாடிப் பக்கமிருந்து காற்று வீச, லேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு, தாய்ப்பாலே சிறந்தது என்று ராகம் போட்டுச் சொன்னா. எனக்கு முன்னாலேயே சட்டை நனைந்து வழிகிறது, மடியில் பிள்ளை அலறுகிறது. "ஏன் அழுது?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. படம் எடுத்துக்கொண்டு போனா. எனக்குச் சளியைவிட, சுறாவைவிட, அந்த லேஞ்சிதான் கூடுதலாக அரியண்டமாக இருந்தது.

அன்றைக்குப் பின்னேரம் அன்ரன் உப்புக்குளம் கடைக்குப் போய்க் கைப்பிள்ளைக்கான மா டின் ஒன்று வாங்கிக்கொண்டு வந்தார். அலுமாரிப் பெட்டிக்கு மேலே வைத்தார். மாமி தண்ணீர் சுடவைத்தா. டின்னைத் திறந்த மணம் வந்ததும் நான் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். வேலியைப் பிடித்துக்கொண்டு சத்தி எடுத்தேன். "பிள்ளை சாகிறதைவிட உனக்கு உன்ரை மூக்கோ பெரிசு?" என்று மாமி உள்ளே இருந்து கத்தினா. அவ சொன்னதில் பிழை இல்லை, அக்கா. அதனால்தான் அவ்வளவு கோபம் வந்தது.

டின் பாலைக் கொடுப்பது என்று நானே முடிவெடுத்துவிட்டேன். ஆனால் பபா அதையும் குடிக்கவில்லை! போத்தல் சூப்பியையும் இரண்டு இழுவை இழுத்தாள், விட்டாள், அலறினாள். மாமி முழித்தா. சூட்டுப் பாலும் இல்லை, காணாத பாலும் இல்லை. பிறகு என்ன?

விடிந்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாலர் பள்ளிக் கட்டடத்துக்குப் போனேன். அங்கே கிழமைக்கு ஒருமுறை வரும் மிட்வைஃப் அன்றைக்கு இருந்தா. பபாவின் சட்டையைக் கழற்றி நெஞ்சைப் பார்த்தா, மூச்சைப் பார்த்தா, சலம் போகிறதா என்று கேட்டா. பிறகு என்னைக் கொடுக்கச் சொல்லிப் பக்கத்தில் இருந்து பார்த்தா.

"பிள்ளைக்குப் பால் வெறுப்பில்லை, தங்கச்சி. மூக்கு அடைச்சிருக்கு. வாய் நிறையப் பால் இருந்தால் எதால மூச்சு விடும்? குடிக்கிறதோ, மூச்சு விடுறதோ? அதான் விட்டிட்டு அழுது."

இவ்வளவுதான். பால்சுறா முழுக்கத் தின்று முடித்த பிறகு.

கொதித்தாறின தண்ணீரில் துளி உப்புப் போட்டு மூக்கில் விடச் சொன்னா. பீச்சின பாலைக் கரண்டியால் பருக்கச் சொன்னா, நிமிர்த்திப் பிடித்துக் கொடுக்கச் சொன்னா, கட்டின நெஞ்சுக்குச் சுடுதண்ணீர்த் துணி வைக்கச் சொன்னா. "மூச்சு இழுத்தாலோ, விலா உள்ளுக்குப் போனாலோ, சலம் குறைஞ்சாலோ நிக்காதையும், நேர பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடும்" என்றும் சொன்னா. வரும் வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு, பிள்ளையின் விலாவைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

உப்புத் தண்ணீர் விட்டேன். சளி இளகியது, ஆனால் வெளியே வரவில்லை. மூக்குத் துவாரத்துக்குள் பச்சையாய் நின்று, மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கியது. கரண்டியால் பருக்கினால் புரைக்கேறியது. மாமி பக்கத்தில் வந்து நின்றா.

"வாயால உறிஞ்சித் துப்படி. நாங்கள் எல்லாம் பிள்ளையளை அப்பிடித்தான் வளத்தனாங்கள்."

"சீ! என்னால ஏலாது மாமி."

"ஏலாட்டி விடு. இஞ்ச தா, நான் செய்யிறன்."

மாமி வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு, சிவந்த வாயோடு குனிந்தா. என்னுள்ளே ஏதோ எகிறியது. அந்த வாயா என் பிள்ளையின் மூக்கில்? பிள்ளையைப் பறித்தேன். கண்ணை மூடிக்கொண்டு, அந்தச் சின்ன மூக்கு முழுக்க என் வாய்க்குள் வர வைத்து, உறிஞ்சினேன். துப்பினேன். இன்னொருமுறை. உப்புக் கரித்தது, வழுவழுத்தது, தொண்டைவரை போனது. வேலியடிக்குப் போய்ச் சத்தி எடுத்துவிட்டு வந்து மறுபடியும் உறிஞ்சினேன். ஆசையில் செய்தேன் என்று உனக்குப் பொய் சொல்ல மாட்டேன், அக்கா. அருவருப்பில்தான் செய்தேன்.

பபா வாயை மூடிக்கொண்டு மூக்கால் ஒரு மூச்சு விட்டாள். எத்தனை நாளைக்குப் பிறகு! மாமிகூடக் குனிந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றா.

உடனே நெஞ்சில் போட்டேன். வாயைத் திறந்தாள், தேடினாள், பிடிக்கப் பார்த்தாள். பிடிபடவில்லை. சுறா தந்த பால் அவ்வளவும் கட்டி, நெஞ்சு கல்லாகிக் கிடந்தது. முலைக்காம்பு வாயில் நிற்காமல் வழுக்கியது. சுடுதண்ணீர்த் துணி வைத்துப் பீச்சினேன், நோவில் கண் இருட்டியது, ஒரு கரண்டிகூட வரவில்லை. பிள்ளைக்குப் பசி, எனக்கு நிறையப் பால், நடுவில் ஒரு வழியும் இல்லை. ஆஸ்பத்திரிக்கே போகலாம் என்று அன்ரன் ஓட்டோ பிடிக்க ஓடினார்.

அப்போதுதான் உன் மகள் வந்தாள். மண்ணில் புரண்ட சட்டை, வாய்வரை ஒழுகிய மூக்கு. என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்று, பபாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"பபாக்கு வேண்டாமோ? அப்ப எனக்கு?"

நான் யோசிக்கவில்லை. இழுத்து மடியில் போட்டேன். முதலில் என்ன செய்வது என்று தெரியாமல் கடித்தாள், நான் அலறினேன், அவள் சிரித்தாள். பிறகு எப்படியோ பிடித்துக்கொண்டாள். அவளுடைய மூக்குச் சளி என் நெஞ்சில் அப்பியது. அக்கா, நான் அதைத் துடைக்கக்கூட இல்லை. அவள் இழுக்க இழுக்க அந்தக் கல் கரைந்தது. என் கண்ணிலிருந்தும் வழிந்தது, நோவா வேறெதுவுமா என்று தெரியவில்லை.

வாசலில் றீற்றம்மா வந்து நின்று வாயில் கை வைத்தாள். மாமி தலையில் அடித்துக்கொண்டா. "சீ, என்னடி இந்த அரியண்டம்! இந்த வயசுப் பிள்ளைக்கு, அதுவும் தடிமனோட! ஊர் சிரிக்கப் போகுது!"

பிறந்ததிலிருந்து எல்லாவற்றுக்கும் சீ என்று சொன்னவள் நான். அன்றைக்கு முதன்முதலாக மற்றவர்கள் என்னைப் பார்த்துச் சீ என்றார்கள். எனக்கு ஒன்றுமே கூசவில்லை.

இளகிய பக்கத்தில் பபாவைப் போட்டேன். பிடித்தாள். இழுத்தாள். விட்டுவிட்டு மூச்சு வாங்கினாள். மறுபடி தானே பிடித்தாள். விழுங்குகிற சத்தம் கேட்டது. மாமி கதவடியில் அப்படியே குந்தினா. அன்ரன் ஓட்டோவோடு வந்து, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, ஓட்டோக்காரனைத் திருப்பி அனுப்பினார்.

டிலானி புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஏதோ ஏமாற்றப்பட்டவள்போல நெற்றியைச் சுருக்கியிருந்தாள்.

"அம்மா, இது மா இல்லையே?"

"இல்லையடி, குஞ்சு. இது பால்."

"எனக்கு இன்னும் வேணும்."

அக்கா, அவளுக்கு மாவைத் தவிர வேறெதுவும் தெரியாது. உன்னிடம் கொஞ்சம் குடித்திருப்பாள், அது நினைவிருக்காது. எனக்கும் அவளுக்குக் கொடுக்கத் தெரிந்ததெல்லாம் அந்தச் சொப்பின் பை மா மட்டுமே. நீ எதை வாங்கப் போய்த் திரும்பி வரவில்லையோ, அது பபா பிறந்ததிலிருந்து என் உடம்பிலேயே இருந்திருக்கிறது. எனக்கு ஏன் தோன்றவில்லை? உனக்குத் தோன்றியிருக்குமா?

ஒன்று மட்டும் உறுதி சொல்கிறேன். உன்னிடம் வற்றிப்போனதை நான் கொடுத்து முடிக்கிறேன். மாமி தலையில் அடித்துக்கொண்டாலும், றீற்றம்மா ஊரெல்லாம் கொண்டுபோய்ச் சொன்னாலும், ஒரு பக்கம் பபாவுக்கு, மறு பக்கம் டிலானிக்கு. அவளாகப் போதும் என்று சொல்லும்வரை.

உன் பிள்ளைக்கும் பால் கொடுக்கிற
உன் தங்கை,
ரெஜினா